வீட்டு சர்வருக்கு வெளியூரிலிருந்து நுழைய: சாவி, பாஸ்வேர்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கம்பத்தில், ஏலக்காய்த் தோட்டம் வண்டன்மேட்டில், பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ. எங்கள் பக்கத்தில் நிறையக் குடும்பங்கள் இப்படித்தான். வீட்டு மூலையில் ஒரு கம்ப்யூட்டரை ஓடவிட்டு, மலையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அதற்குள் நுழைகிறார்கள். எப்படி நுழைவது என்பதை யூடியூப் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. நுழையும் சாவியை எங்கே வைப்பது, யாருக்குக் கொடுப்பது, கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்குவது என்பதற்குத்தான் குமுளியில் இருக்கும் என் கடைக்கு வருகிறார்கள். அங்கே கேட்ட கேள்விகள் இவை.

வீட்டு சர்வர் என்றால் பெரிய மெஷினா?

இல்லை. இருபத்துநாலு மணி நேரமும் ஓடி, மற்றவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் சர்வர்தான். பெரும்பாலும் அது பையன் காலேஜுக்கு வாங்கி, கீபோர்டு போன பிறகு ஓரமாகக் கிடந்த லேப்டாப். இல்லையென்றால் உள்ளங்கைக்குள் அடங்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர். விண்டோஸுக்குப் பதில் உபுண்டுவோ டெபியனோ என்ற இலவச இயங்குதளம் போட்டு, குடும்ப போட்டோ, தோட்டக் கணக்கு, கேமரா பதிவு எல்லாம் அதில் வைத்திருப்பார்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காய் காயும்போது சூடு ஐம்பது டிகிரியை ஒட்டி நிற்கிறதா, எகிறுகிறதா என்று பார்க்கச் சென்சார் மாட்டியவர்களும் உண்டு.

என் வீட்டுப் பழைய லேப்டாப்பை யார் வந்து உடைக்கப் போகிறார்கள்?

உங்களைத் தேடி யாரும் வருவதில்லை. தெருவில் உள்ள எல்லாக் கதவையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிற கூட்டம் அது. அதில் உங்கள் கதவும் ஒன்று.

ஒரு முறை என் வீட்டு சர்வரின் 22-ஆம் போர்ட்டை, அதாவது தூரத்திலிருந்து நுழைகிற வாசலை, வெளியே திறந்து வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் காப்பியோடு லாக்கை, அதாவது வந்து போனவர்களின் பதிவேட்டை, பார்த்தால், இரவு இரண்டு மணியிலிருந்து வரிசையாக ஆட்கள், ஊகித்துத் தட்டிய பயனர் பெயர்களோடு: ரூட், அட்மின், உபுண்டு, பை, டெஸ்ட், ஒராக்கிள், திரும்பவும் ரூட். சில நொடிகளுக்கு ஒரு முயற்சி. ஒவ்வொன்றும் வேறு வேறு நாட்டு முகவரி. எல்லாம் இயந்திரம் செய்கிற வேலை. அதற்குத் தூக்கமும் கிடையாது, சலிப்பும் கிடையாது.

2016-இல் மிராய் என்ற நிரல் இப்படித்தான் பரவியது. கேமராக்களும் ரவுட்டர்களும் கம்பெனியிலிருந்து வரும்போதே வைத்திருக்கும் பெயர்-பாஸ்வேர்ட் ஜோடிகள் 60-க்குச் சற்று மேல் அதன் கையில் இருந்தன. அதை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை, இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. ராஸ்பெர்ரி பையிலும் 'பை' என்ற பெயரும் 'ராஸ்பெர்ரி' என்ற பாஸ்வேர்டும் பல வருடம் இருந்தன. 2022 ஏப்ரலில்தான் எடுத்தார்கள். அதற்கு முன் போட்ட மெமரி கார்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

எஸ்.எஸ்.எச். என்கிறார்களே, அது என்ன?

தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் போகிற மூடிய பாதை. அதற்கு முன் இருந்த டெல்நெட்டில் பாஸ்வேர்ட் வெட்டவெளியில் போகும், வழியில் நிற்கிறவர் படித்துக்கொள்ளலாம். ஃபின்லாந்தில் டாட்டு யுலோனென் இருந்த பல்கலைக்கழக நெட்வொர்க்கில் அப்படிப் பாஸ்வேர்டுகள் திருடு போனதால், 1995-இல் அவர் இதை எழுதினார். கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி.க்குப் போர்ட் எண் 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் காலியாக இருந்த 22-ஐ கேட்டு வாங்கிக்கொண்டார். இன்று நாம் பெரும்பாலும் பயன்படுத்துவது 1999-இல் வந்த அதன் இலவச வடிவம், ஓப்பன்எஸ்எஸ்எச்.

நல்ல நீளமான பாஸ்வேர்ட் வைத்தால் போதாதா? சாவி எதற்கு?

பாஸ்வேர்டை நீங்கள் சர்வரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லக்கூடியதை அடுத்தவருக்கும் சொல்லலாம், வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாம், ஏமாந்து வேறு இடத்தில் தட்டலாம். சாவி முறையில் இரண்டு கோப்புகள். ரகசியச் சாவி உங்கள் போனையோ லேப்டாப்பையோ விட்டு வெளியே போகவே போகாது. அதற்குப் பொருந்தும் பொதுச் சாவியைப் பூட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதை சர்வரில் மாட்டிவிடுகிறோம். பூட்டை ஊருக்கே காட்டினாலும் நஷ்டமில்லை.

செய்வதும் ஒரு நிமிட வேலை. சாவி செய்யும் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையில் சாவி வகையாக இடி25519 என்று கொடுங்கள். பழைய ஆர்.எஸ்.ஏ. வேண்டாம் என்றில்லை, இது சின்னது, வேகமானது, 2014 முதல் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் இருக்கிறது. சாவிக்கு ஒரு பாஸ்ஃபிரேஸ், அதாவது சாவியையே பூட்டி வைக்கும் பாஸ்வேர்ட், கேட்கும். எல்லோரும் எண்டர் தட்டிவிட்டுப் போகிற இடம் அதுதான். தட்டாதீர்கள். அது இல்லையென்றால் லேப்டாப் கைமாறினால் சாவியும் கைமாறிவிடும்.

அண்ணே, ஒரே சாவியைக் குடும்பத்தில் எல்லோரும் வைத்துக்கொண்டால் என்ன?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்வேன், ஏனென்றால் நானே அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு சாவி: என் லேப்டாப்பில், தம்பி லேப்டாப்பில், கடையில், தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் மச்சான் போனில். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில் மச்சானின் போன் எங்கோ விழுந்துவிட்டது. அந்தச் சாவியை சர்வரிலிருந்து எடுத்தால் நான்கு கருவிகளும் வெளியே. எடுக்காவிட்டால் போனை எடுத்தவர் உள்ளே. தம்பி அப்போது ஷார்ஜாவில் இரவு டூட்டி. அவனைப் பிடித்து, புதுச் சாவி செய்யச் சொல்லி, பொதுச் சாவியை வாங்கி மாட்டுவதற்குள் விடிந்துவிட்டது.

அன்றிலிருந்து ஆளுக்கொன்று என்றுகூட இல்லை, கருவிக்கொன்று. என் லேப்டாப்புக்கு ஒன்று, என் போனுக்கு வேறு. சர்வரில் ஆதரைஸ்டு கீஸ் என்ற கோப்பு இருக்கும். அதில் ஒரு வரிக்கு ஒரு சாவி, வரியின் கடைசியில் நாம் விரும்பியதை எழுதிக்கொள்ள இடம் உண்டு. 'மச்சான், போன், 2024' என்கிற மாதிரி ஆள், கருவி, வருடம் எழுதிவிடுங்கள். போன் தொலைந்தால் அந்த ஒரு வரியை அழித்தால் போதும். மற்றவர்கள் தூங்கலாம்.

ஏலக்காய் ஸ்டோர் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. மூட்டை இருக்கும் அறைக்கு எத்தனை சாவி, யார் கையில் எது என்று கணக்கு இருக்கும். சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனால் முதலில் கேட்பது சாவியைத்தான். சர்வருக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு வேண்டாம் என்று நினைக்கிறோமோ தெரியவில்லை.

ஆடிட்டருக்குக் கணக்கு ஃபைல் மட்டும் வேண்டும். அவருக்கும் சாவியா?

சாவி கொடுங்கள், ஆனால் உங்கள் பயனர் பெயரில் வேண்டாம். அவருக்குத் தனிப் பயனர் ஒன்று செய்து, கோப்பை எடுக்க, வைக்க மட்டும் விடும் எஸ்.எஃப்.டி.பி. மட்டும், ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் என்று கட்டிவிடலாம். திண்ணை வரைக்கும் வருகிறவருக்குச் சமையலறை வரைக்கும் வழிவிட வேண்டியதில்லை.

சாவி மாட்டிய பிறகு, பாஸ்வேர்டால் நுழையும் வழியை அடைத்துவிட்டேன். நிஜமாகவே அடைந்ததா என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. நான் அடைத்ததாக நினைத்து மூன்று மாதம் நிம்மதியாக இருந்தேன். அடையவே இல்லை.

நடந்தது இதுதான். எஸ்.எஸ்.எச். அமைப்புக் கோப்பில் 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன்' வரிக்கு 'நோ' போட்டேன், சேவையை மறுபடி தொடங்கினேன், முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் உபுண்டு சர்வரில் அந்தக் கோப்பின் தலைப்பகுதியிலேயே பக்கத்து ஃபோல்டரில் உள்ள துண்டுக் கோப்புகளையும் சேர்த்துப் படி என்று ஒரு வரி இருக்கும். அங்கே உபுண்டு போடும்போதே தானாக வந்த, 50 என்று தொடங்கும் கிளவுட்-இனிட் கோப்பு ஒன்று, அதில் 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் யெஸ்' என்று உட்கார்ந்திருந்தது. எஸ்.எஸ்.எச்.சுக்கு முதலில் படித்ததுதான் சட்டம். பின்னால் வருவதைக் கண்டுகொள்ளாது. நான் எழுதிய 'நோ'வை அது படித்தும் மதிக்கவில்லை.

அதனால் கோப்பைப் பார்த்து நம்பாதீர்கள், சர்வரையே கேளுங்கள். எஸ்எஸ்எச்டி கட்டளைக்குப் பின்னால் ஒரு கோடும் பெரிய எழுத்து 'டி'யும் (T) போட்டால், எல்லாக் கோப்பையும் படித்த பிறகு நிஜமாக நடைமுறைக்கு வரும் அமைப்பு முழுவதையும் கொட்டும். அதில் பாஸ்வேர்ட் வரியும், பாஸ்வேர்ட் கேட்கும் இன்னொரு வழியான 'கேபிடி இன்டராக்டிவ்' வரியும் இரண்டும் 'நோ' என்று இருக்க வேண்டும். அதே கட்டளையில் சின்ன எழுத்து 'டி' (t) போட்டால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். சேவையை மறுபடி தொடங்கும் முன் அதையும் தட்டிவிடுங்கள். அப்புறம் சாவி இல்லாத வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டாலே கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். 'பெர்மிஷன் டினைடு, பப்ளிக்கீ' என்று முகத்தில் அடித்தால் சரி.

நானே வெளியே மாட்டிக்கொண்டால்?

மாட்டிக்கொள்வீர்கள். எல்லோரும் ஒரு தடவை மாட்டிக்கொள்கிறோம். அமைப்பை மாற்றும்போது ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஜன்னலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்துவிட்டு அப்புறம் முதல் ஜன்னலை மூடுங்கள். இது ஒன்றே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

நான் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு முறை இதைச் செய்யாமல் மாட்டினேன். அம்மாவுக்குப் போன் போட்டு, சர்வரின் ஒயரை டி.வி.யில் செருகச் சொல்லி, பழைய கீபோர்டை மாட்டச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். "சீரியல் போயிடுச்சுடா, சீக்கிரம் சொல்லு" என்று அம்மா. சர்வருக்கு முன்னால் உட்கார்ந்து நுழையும்போது வீட்டுப் பாஸ்வேர்ட் வேலை செய்யும், எஸ்.எஸ்.எச். வழியை அடைத்தாலும். அதனால் அந்தப் பாஸ்வேர்டை மறந்துவிடாதீர்கள்.

22-ஐ 2222 என்று மாற்றினால் பாதுகாப்புதானே?

லாக்கில் சத்தம் குறையும். அவ்வளவுதான். பாஸ்வேர்ட் வழி திறந்திருந்தால் போர்ட்டை மாற்றிப் பயனில்லை. மூடியிருந்தால் மாற்ற அவசியமில்லை. ஃபெயில்2பேன் என்ற நிரலைப் போட்டுக்கொண்டால் ஐந்து முறை தவறியவரைப் பத்து நிமிடம் வெளியே நிறுத்தும். போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

ரவுட்டரில் போர்ட் திறந்தும் வெளியிலிருந்து வரவே முடியவில்லை.

ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் அது உங்கள் வீட்டுக் கதவு. காம்பவுண்டு கேட் அவர்கள் கையில். எங்கள் பக்கத்தில் நிறைய இணைப்பு அப்படித்தான்.

இதில் ஒரு நல்லதும் உண்டு: வெளி ஆளும் நேராக வர முடியாது. வயர்கார்ட் என்ற சுரங்கப்பாதை முறையில் வேலை செய்யும் டெயில்ஸ்கேல் போட்டுக்கொண்டால், போர்ட் எதையும் திறக்காமலே போனும் சர்வரும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். போர்ட் திறக்க முடிகிறவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, அதற்குள் எந்த மின்னஞ்சலால் நுழைந்தீர்களோ, இனி அந்த மின்னஞ்சல்தான் தலைச்சாவி. அதற்கு இரண்டாம் பூட்டு போடுங்கள், பாஸ்வேர்டோடு போனில் வரும் குறியீடும் கேட்கும்படி. இரண்டு, அதில் ஒவ்வொரு கருவியின் சாவியும் இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். ஆறு மாதம் கழித்து, நீங்கள் மலையில் இருக்கும் ஒரு நாளில் வீட்டு சர்வர் திடீரென்று காணாமல் போவது இதனால்தான். சர்வருக்கு மட்டும் அந்தக் கெடுவை நிறுத்தி வையுங்கள்.

பாஸ்வேர்டைத் தமிழில் வைக்கலாமா?

தமிழ்ச் சொல் வையுங்கள், தமிழ் எழுத்தில் வைக்காதீர்கள்.

காரணம் சுவையானது. 'கொ' என்று திரையில் தெரிகிற எழுத்தைக் கம்ப்யூட்டர் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரத்தோடு 'ஒ' குறியை ஒரே துண்டாக வைக்கலாம், அல்லது முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு துண்டாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் நிரலுக்கோ இரண்டும் வேறு. போனில் ஒரு கீபோர்டு ஒரு விதமாகவும் லேப்டாப்பில் வேறொரு கீபோர்டு வேறு விதமாகவும் தட்டினால், சரியான பாஸ்வேர்டே தவறாகிவிடும். அம்மாவை டி.வி. முன்னால் உட்கார வைக்கும் நாளில் அந்தக் கறுப்புத் திரையில் தமிழ்க் கீபோர்டும் இருக்காது.

ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்களைத் தட்டும்போது எழுத்துக்கூட்டலை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். 'வாழை'க்கு ஒரு 'ஏ'வா இரண்டா, ழகரத்துக்கு என்ன போடுவது என்று. என் தம்பி தன் பாஸ்வேர்டை மறந்ததே இல்லை. அதை எப்படி எழுதினான் என்பதைத்தான் மறப்பான்.

குறள், பாட்டு வரி, குலதெய்வம் பெயர் வேண்டாம். மனசில் முதலில் வருவது அடுத்தவன் பட்டியலிலும் முதலில் இருக்கும். பகடை உருட்டிச் சொல் எடுப்பதுதான் நம்பகமான வழி. ஆங்கிலத்தில் ஐந்து பகடைக்கு 7,776 சொல் கொண்ட பட்டியல்கள் கிடைக்கின்றன. நான் நான்கு பகடைக்கு 1,296 தமிழ்ச் சொல் எழுதி வைத்திருக்கிறேன்: பாத்திரம், காய், ஊர், உறவு, வசவு என்று கலந்து. ஆறு சொல் எடுத்தால் போதும். தாயக்கட்டை வேண்டாம், அதற்கு நாலு பக்கம்தான். பிள்ளைகளின் லூடோ டப்பாவில் பகடை இருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மாற்றச் சொன்னால் கடைசி எண்ணை 1-இலிருந்து 2 ஆக்குகிறோம், அவ்வளவுதான். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் கூட 2017-இல் தன் வழிகாட்டியில் இந்தக் கட்டாயத்தை வேண்டாம் என்றது. கசிந்தது என்று சந்தேகம் வந்தால் அன்றே மாற்றுங்கள்.

இத்தனையையும் எங்கே வைப்பது?

கீபாஸ்எக்ஸ்சி போன்ற பாஸ்வேர்ட் பெட்டக நிரலில். அதே வேலைக்கு வீட்டு சர்வரிலேயே வால்ட்வார்டன் ஓட்டுகிறவர்களும் உண்டு, நல்ல நிரல்தான். ஆனால் சர்வருக்குள் போகும் பாஸ்வேர்ட் அந்த சர்வருக்குள்ளேயே மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசியுங்கள். பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

ஒரு தாளில் எழுதி, பத்திரம் இருக்கும் இடத்தில் வைப்பதைக் கேவலமாக நினைக்காதீர்கள். இணையத்தில் கதவு தள்ளுகிறவனால் உங்கள் பீரோவைத் தள்ள முடியாது. தாளில் பெட்டகத்தின் பாஸ்வேர்ட், சர்வரின் வீட்டுப் பாஸ்வேர்ட், தலைச்சாவி மின்னஞ்சலின் மீட்புக் குறியீடுகள் இருந்தால் போதும். வீட்டம்மாவுக்கு எந்த உறை என்று தெரிய வேண்டும்.

சர்வருக்குள் நுழைய, போன் காட்டும் ஆறு இலக்கக் குறியீட்டையும் கேட்கும்படி போட்டிருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் ஏற்க மாட்டேன் என்கிறது.

சர்வர் ராஸ்பெர்ரி பையா? அந்தக் குறியீடு முப்பது நொடிக்கு ஒரு தரம் மாறுவது கடிகாரத்தை வைத்துத்தான். பை 4 வரையுள்ள பலகைகளில் கடிகாரச் சில்லே கிடையாது. பை 5-இல் உண்டு, பேட்டரி தனியாக வாங்க வேண்டும். கரண்ட் போனால் பை தூங்கிய நேரத்திலிருந்தே எழும். இணையம் வந்து நேரத்தைச் சரி செய்யும் வரை உங்கள் போனும் அதுவும் வேறு வேறு மணியில் இருக்கும். ஐப்பசி இடியில் கரண்டும் இணையமும் சேர்ந்து போய், கரண்ட் மட்டும் முதலில் வரும் இரவுகளில் இது நடக்கும். சாவிக்குக் கடிகாரம் தேவையில்லை. வீட்டுக்குள்ளிருந்து நுழையச் சாவி மட்டும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'சர்வரின் அடையாளம் மாறிவிட்டது' என்று பெரிய எச்சரிக்கை வருகிறது.

நேற்று மெமரி கார்டு மாற்றினீர்களா, உபுண்டுவைத் திரும்பப் போட்டீர்களா? அப்படியானால் இயல்புதான், பழைய அடையாளத்தை அழித்துவிட்டு, வீட்டில் இருக்கும்போது ஒரு முறை ஒப்பிட்டுப் புதியதை ஏற்றுக்கொள்ளுங்கள். எதுவும் செய்யாமல் லாட்ஜ் வைஃபையில் இது வந்தால் நுழையாதீர்கள்.

கேமராவுக்கும் இதெல்லாம் வேண்டுமா?

கேமராவுக்குத்தான் முதலில் வேண்டும். தேக்கடிப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேவில் பார்த்தேன்: கேமரா மாட்டியவர் தன் கடைப் போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்திருந்தார். அவர் மாட்டிய மற்ற இடங்களிலும் அதேதான். நம்பர் அவர் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருந்தது. மாட்டி முடித்த அன்றே, அவர் பைக் கிளம்பியதும் மாற்றுங்கள்.

போன் தொலைந்துவிட்டது. முதலில் என்ன?

சர்வரில் அந்தப் போனின் வரியை அழியுங்கள். அழித்தாலும் ஏற்கெனவே உள்ளே நுழைந்த இணைப்பு அறுந்துவிடாது. 'ஹூ' கட்டளையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வெளியேற்றுங்கள். டெயில்ஸ்கேலிலிருந்தும் போனை நீக்குங்கள். அப்புறம் மின்னஞ்சல். சிம்மை நிறுத்துவது இதோடு கூடவே நடக்கட்டும். பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள்.

கடைக்குக் கொண்டுவந்தால் நீங்களே எல்லாம் செய்து தருவீர்களா?

தருவேன். ஆனால் பாஸ்வேர்ட் தட்டும்போது நான் டீ குடிக்கப் போய்விடுவேன், பகடையும் நீங்களேதான் உருட்ட வேண்டும். வேலைக்காக என் சாவி ஒன்றை மாட்டியிருந்தால், கிளம்பும் முன் அந்த வரியை உங்கள் கையாலேயே அழிக்கச் சொல்வேன். பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் ஒருவர், "இருக்கட்டும், நாளைக்கு ஏதாவது என்றால் நீதானே வரணும்" என்றார். அப்போது புதுச் சாவி மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி அழிக்க வைத்தேன்.